பழைய உடம்பு, புதிய முகம்: கார் தோற்ற மாற்றம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தாராவியில் வளர்ந்தவன். தானே–பேலாப்பூர் சாலையில் ஒரு டூல்ரூமில் முப்பத்தோரு ஆண்டுகள் பிரஸ் அச்சு செய்தேன். கார் தகடுகளை அழுத்தி வடிவமாக்கும் அச்சுகள்தான் எங்கள் வேலை. இப்போது செம்பூரில் குடியிருக்கிறேன். கட்டடத்தின் கீழே என் 1986 பிரீமியர் பத்மினி நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் துணியும் வாளியுமாக இறங்கினால் யாராவது வந்து நின்று ஏதாவது கேட்பார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். வண்டியைத் துடைத்துக்கொண்டே பாதிப் பதில் சொல்லி அனுப்புவது எனக்கு ஒப்பவில்லை. அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலை முழுதாகச் சொல்லியிருக்கிறேன்.

"புத்தம் புது மாடல்" என்று விளம்பரம் வருகிறதே, எல்லாமே புதிதுதானே?

பெரும்பாலும் இல்லை. கிரில், விளக்குகள், பம்பர் இவை மட்டும் மாறினால் அது முக மாற்றம். ஷோரூமில் ஃபேஸ்லிஃப்ட் என்பார்கள். அடிக்கூட்டை வைத்துக்கொண்டு வெளித்தகடுகளை மட்டும் மாற்றினால் அது தோல் மாற்றம். தரைத்தகடு முதல் கூரை வரை எல்லாவற்றையும் புதிதாகச் செய்தால்தான் அதைப் புது வண்டி என்று சொல்லலாம். விளம்பரத்தில் இந்த மூன்றுக்கும் ஒரே சொல்லைத்தான் போடுகிறார்கள்.

முழு உடம்பையும் புதிதாகச் செய்ய அப்படி என்ன செலவு? தகடுதானே?

தகடு மலிவுதான். பணமெல்லாம் அச்சுக்குப் போகிறது. ஒரு பானெட்டின் வெளித்தகடு ஒரே அழுத்தில் வந்துவிடாது. முதல் அச்சு தகட்டை இழுத்து வடிவம் கொடுக்கும், அடுத்தது ஓரத்தை வெட்டும், இன்னொன்று துளையிடும், இன்னொன்று விளிம்பை மடிக்கும். பானெட்டுக்கு உள்தகடும் உண்டு. அதற்குத் தனி அச்சுகள். ஒரு காரில் இப்படி எத்தனை தகடுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

அச்சு மில்லிங் எந்திரத்திலிருந்து இறங்கியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. அதன் ஒரு முகத்தில் நீலச் சாயத்தை உள்ளங்கையால் மெல்லிசாகத் தேய்த்துப் பரப்புவோம். தகட்டை வைத்து பிரஸை இறக்குவோம். திறந்தால் தகட்டில் எங்கே நீலம் அடர்ந்திருக்கிறதோ, அங்கே அச்சு அளவுக்கு மேல் உரசுகிறது என்று பொருள். அந்த இடத்தைக் கல்லால் தேய்க்க வேண்டும். பிறகு மறுபடி நீலம், மறுபடி பிரஸ், மறுபடி கல். ஒரு முன் ஃபெண்டருக்கு இப்படி வாரக்கணக்கில் நின்றிருக்கிறோம். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தால் நகக்கண்களில் நீலம் தெரியும். அவ்வளவு பாடுபட்டுச் செய்த அச்சை எந்த நிறுவனமும் சுலபத்தில் தூக்கிப் போடாது. லட்சக்கணக்கான தகடுகளை அதிலிருந்து எடுத்துவிடத்தான் நினைக்கும்.

சரி, எதை மாற்றுவார்கள், எதைத் தொட மாட்டார்கள்?

வண்டியின் இரு முனைகளை மாற்றுவார்கள், நடுப்பகுதியை விட்டுவிடுவார்கள். முன்னால் கிரில், ஹெட்லைட், பம்பர், பானெட், கையில் காசு இருந்தால் ஃபெண்டர். பின்னால் டிக்கி மூடி, டெயில் லைட், பம்பர். முன் கண்ணாடியும் அதன் இருபுறத் தூண்களும், கூரையும், கதவுகளும் பழையபடியே நிற்கும்.

இதில் கதவுதான் மிகவும் சிக்கலானது. ஒரு கதவைப் புதிதாக வரைந்தால் உள்தகடு, வெளித்தகடு, கீல், பூட்டு, கண்ணாடி இறங்கும் தடம், தண்ணீர் தடுக்கும் ரப்பர் எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டும். கண்ணாடியின் வளைவை மாற்றினால் தூணை மாற்ற வேண்டும், தூணை மாற்றினால் கூரையும் மாறும். அதனால் ஒரு வண்டியின் வயதை அறிய முன்பக்கம் போய் நிற்காதீர்கள். பக்கவாட்டில் நின்று கதவையும் ஜன்னல் கோட்டையும் பாருங்கள்.

அண்ணாச்சி, உங்கள் பத்மினி இத்தாலிக்காரியா, குர்லாக்காரியா?

பிறந்தது இத்தாலியில், வாழ்ந்தது மும்பைக் குர்லாவில். ஃபியட் 1100-103 என்ற வண்டி 1953இல் வந்தது. அதன் முன் கதவுகள் பின்பக்கக் கீலில் தொங்கின. அதாவது இன்றைய கதவுக்கு எதிர்த்திசையில் திறந்தன. பிறகு இத்தாலியர்கள் கதவைத் திருப்பினார்கள், பக்கவாட்டை நேராக்கினார்கள், பின்னால் சிறு இறக்கைகள் வைத்தார்கள். 1962இல் அது 1100டி ஆயிற்று. வால்சந்த் ஹீராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1964 முதல் அதே உடம்பை ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரில் குர்லாவில் செய்தது. 1970களின் தொடக்கத்தில் பெயர் பிரீமியர் பிரசிடென்ட் ஆனது; 1974இல் பத்மினி ஆனது.

அந்த இறக்கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஹார்லி ஏர்ல் என்ற வடிவமைப்பாளர் போர் விமானத்தின் வாலைப் பார்த்து 1948 கேடிலாக்கின் பின்புறத்தில் அதை வைத்தார். பத்தே ஆண்டுகளில் உலகம் முழுதும் பரவியது. 1960களின் நடுவில் அமெரிக்கர்களே அதைக் கைவிட்டார்கள். குர்லாவிலோ அந்தத் தகட்டுக்கான அச்சுகள் நல்ல நிலையில் இருந்தன. அதனால் 2000ஆம் ஆண்டு வாக்கில் உற்பத்தி நிற்கும்வரை பத்மினிக்கு இறக்கை இருந்தது. 2003 அக்டோபரில் தார்தேவில் பதிவான கடைசி கறுப்பு-மஞ்சள் பத்மினி, டாக்சிகளுக்கான 20 ஆண்டு வரம்பை முடித்து 2023 அக்டோபர் இறுதியில் ஓய்ந்தது. அன்றுவரை மும்பைத் தெருவில் அந்த விமான வால் ஓடிக்கொண்டிருந்தது. இறக்கையின் மேல் ஓரத்தைத் துடைக்கும்போது இன்றும் இது எனக்கு நினைவு வருகிறது.

குர்லாவில் செய்த மாற்றங்கள் சிறியவை: கிரில், விளக்குகள், பம்பர், டாஷ்போர்டு, பிற்காலத்தில் ஸ்டியரிங் தண்டிலிருந்த கியர் தரைக்கு இறங்கியது. ஒருமுறை குர்லா சி.எஸ்.டி. சாலைப் பழைய சாமான் கடையில் ஒரு டிலைட்டின் முன் கதவு கிடைத்தது. என் வண்டியைவிடப் பதினெட்டு வயது மூத்த கதவு. கொண்டுவந்து கீலில் மாட்டி, மெல்லிய தகடு ஒன்றை இடையில் வைத்துச் சாத்தினேன். ஒரே தட்டில் பூட்டு விழுந்தது.

அப்படியானால் பிரீமியர் 118என்இ முழுக்கப் புதிய வண்டிதானே?

குர்லாவுக்குப் புதிது. 1985இல் அது வந்தபோது சதுர முகத்தைப் பார்த்து ஊரே வியந்தது. ஆனால் உடம்பு 1966இன் ஃபியட் 124; எஞ்சின் நிசானுடையது, பெயரில் உள்ள "என்இ" அதைத்தான் குறிக்கிறது. இதே ஃபியட் 124இலிருந்து ரஷ்யர்கள் லாடாவை உண்டாக்கினார்கள். 1982இல் வந்த லாடா 2107க்குச் சதுர விளக்குகளையும் பளபளக்கும் பெரிய கிரிலையும் வைத்தார்கள். இரண்டையும் பக்கவாட்டில் நிறுத்தினால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது தெரியும்.

அம்பாசடர் மட்டும் மாறவே இல்லையே?

மாறியது, முன் கண்ணாடிக்கு முன்னால் மட்டும். மூலம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை, 1956. மார்க் 1 முதல் மார்க் 4 வரை ஒவ்வொரு முறையும் கிரில்லும் முன்பக்க விளக்குகளும் மாறின. பிறகு நோவா, கிராண்ட், அவிகோ என்று பெயர்கள் வந்தன. 2014 மே மாதம் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் உற்பத்தியை நிறுத்தும்வரை கூரையும் கதவுக்கோடும் அதேதான். போட்டி இல்லாத சந்தையில் புது அச்சுக்குச் செலவழிக்க அவர்களுக்குத் தேவை இருக்கவில்லை. காரணம் புரிகிறது, ஆனால் மன்னிக்க மனம் வரவில்லை. வாடிக்கையாளர் வரிசையில் நின்று வாங்கிய காலத்தில் ஒரு நல்ல பின்புறமாவது செய்திருக்கலாம்.

நம் சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டும் கெஸலும் ஒரே வண்டியா?

ஆம், அக்காள் தங்கை. ஹெரால்டை வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. அதன் முன்பக்கம் முழுவதும், ஃபெண்டரோடு சேர்ந்து, முன்னோக்கி ஒரு பெட்டி மூடியைப் போல எழும்பும். எஞ்சினைச் சுற்றி நின்று வேலை செய்ய அவ்வளவு வசதி. சென்னை ஸ்டாண்டர்டு நிறுவனம் அதற்கு நான்கு கதவு வைத்தது. மற்ற நாடுகளில் அப்படிக் கிடையாது. பிறகு 1972இல் அதே உடம்பைத் திருத்தி கெஸல் என்று கொண்டுவந்தது. முகம் மாறியது, பின் ஆக்சில் மெக்கானிக்குகளுக்குப் பழக்கமான நேர் ஆக்சிலாக மாறியது. 1977 வரை ஓடியது.

என் தந்தையின் நண்பர் ஒருவர் மாட்டுங்காவில் கெஸல் வைத்திருந்தார். பக்கத்தில் நின்று பார்த்தால் மிக்கெலோட்டியின் கோடு அப்படியே தெரியும். அந்தக் கையைக் கெடுக்காமல் விட்டது நல்ல காரியம்.

இதெல்லாம் நம் நாட்டில் பணமில்லாததால் வந்த பழக்கம்தானே?

இந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்ததே பணக்கார நாடு. ஜெனரல் மோட்டார்ஸ் 1927இல் ஹார்லி ஏர்லுக்காகத் தனி வடிவமைப்புப் பிரிவு அமைத்தது. ஆண்டுதோறும் தோற்றத்தை மாற்றினால் போன ஆண்டு வண்டி பழசாகத் தெரியும், வாங்கியவர் மறுபடி வாங்குவார் என்பது தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோனின் கணக்கு. அவர்களுக்கு அது வியாபாரம். சின்ன நிறுவனங்களுக்கோ அது உயிர்ப் போராட்டம். என் மனம் அவர்கள் பக்கம்.

ஸ்டுடிபேக்கர் என்ற அமெரிக்க நிறுவனத்தைப் பாருங்கள். 1953இல் செய்த கார் உடம்பின் நடுப்பகுதியை வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் வெட்டிச் சுருக்கி, 1959இல் லார்க் என்ற சிறிய காராக விற்றது. நட்டத்தில் இருந்த நிறுவனம் அந்த ஆண்டு லாபம் பார்த்தது. 1962இல் ப்ரூக்ஸ் ஸ்டீவன்ஸ் என்ற வடிவமைப்பாளர் வந்தார். ரேமண்ட் லோவியின் வடிவமைப்புக் கூடத்தில் பிறந்த அதே 1953 கூபேயின் (இரு கதவு வண்டி) வாலிலிருந்து இறக்கைகளை எடுத்தார், கூரையைச் சதுரமாக்கினார். டிக்கி மூடிக்குப் புது அச்சு போடக் காசில்லை. பழைய மூடியிலோ பழைய அலங்காரப் பள்ளங்கள் இருந்தன. அதன் மேல் ஒரு போலி கிரில்லைப் பொருத்தி மறைத்தார். பார்ப்பவர்கள் அதை அழகு என்று நினைத்தார்கள். அந்த வண்டியின் படத்தை முதலில் பார்த்தபோது, எங்கள் டூல்ரூமில் யாரோ செய்த வேலையைப் போல எனக்குப் பெருமையாக இருந்தது.

அமெரிக்காவின் ஏஎம்சி நிறுவனத்து வடிவமைப்பாளர் ரிச்சர்ட் டீக் இன்னும் பெரிய கைகாரர். 1970 மாடல் ஹார்னெட்டின் பின்பாதியை நறுக்கி கிரெம்லின் செய்தார். அதன் முதல் கோட்டை விமானத்தில் கொடுத்த வாந்திப் பையின் மேல் வரைந்தார் என்பது பலருக்கும் தெரிந்த கதை. ஹார்னெட்டின் முகத்தைத் திருத்தி 1978இல் கான்கார்டு, அதைத் தூக்கி நிறுத்தி நான்கு சக்கரங்களுக்கும் விசை கொடுத்து ஈகிள். அந்த ஈகிள் 1987 டிசம்பர் வரை ஓடியது. சுவீடனில் வால்வோ நிறுவனம் 1966இன் 140 உடம்பிலேயே 1974இல் 240ஐச் செய்தது. முன்புறமும் பின்புறமும்தான் புதிது. 1993 வரை விற்றது.

சின்னத்தை மட்டும் மாற்றி ஒட்டி விற்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. டொயோட்டா கிளான்ஸா மாருதி பலேனோவேதான். அது இரண்டு நிறுவனங்களின் ஒப்பந்தம், அவ்வளவுதான்.

டிசைருக்கு டிக்கியைப் பிறகு ஒட்டினார்களாமே?

ஆம், 2008 டிசைர் என்பது ஸ்விஃப்ட்டின் முதுகில் டிக்கி வைத்தது. அதைவிடச் சுவையானது அந்த டிக்கியை வெட்டிய கதை. 2006இல் மத்திய அரசு, நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறு எஞ்சின் கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தது. டாடா 2008இல் இண்டிகோவைச் சுருக்கி சிஎஸ் என்று விட்டது. 2012இல் டிசைரின் டிக்கியும் வெட்டப்பட்டு வண்டி நான்கு மீட்டருக்குள் வந்தது. வடிவமைப்பாளர் கையில் இருந்த பென்சிலுக்கு நிதியமைச்சகம் அளவு சொன்னது என்றே சொல்லலாம்.

மகிந்திரா இதே அளவுக்காக சைலோவை நறுக்கி 2012இல் குவாண்டோ செய்தது. 2016இல் முகத்தை மாற்றி நுவோஸ்போர்ட் ஆக்கியது. மேலே சொன்ன கதவு பாடத்தை இங்கே சோதித்துப் பாருங்கள். சைலோவின் கதவுகளை அடையாளம் கண்டுகொள்ள ஒரு நிமிடம்கூட ஆகாது. நறுக்கிய இடத்தில் விகிதம் கெட்டுவிட்டது. டீக்கின் கை அங்கே இல்லை.

2010இல் ஃபோர்டு ஃபிகோ வாங்கினேன். அது 2002ஆம் ஆண்டு வண்டி என்கிறான் மருமகன். ஏமாந்துவிட்டேனா?

ஏமாறவில்லை, ஐயா. மருமகன் சொல்வதும் சரிதான். ஐரோப்பாவில் 2002இல் வந்த ஃபியஸ்டாவின் உடம்புக்குப் புது முகம் கொடுத்து மறைமலைநகரில் செய்தார்கள். அச்சுச் செலவு ஏற்கெனவே கழிந்துபோனதால்தான் அந்த விலைக்கு அப்படி ஒரு வண்டி கிடைத்தது. நல்ல அடிக்கூடு, நல்ல ஸ்டியரிங். பழைய உடம்பை வாங்குவதில் தவறில்லை. விலை அதற்கேற்ப இருந்ததா என்பதுதான் கேள்வி. உங்களுக்கு இருந்தது.

முகம் மட்டும் மாற்றிய வண்டி விபத்தில் தாங்குமா?

எல்லாக் கேள்வியிலும் இதற்குத்தான் நான் நின்று பதில் சொல்வேன். புது பம்பரும் புது விளக்கும் யாரையும் காப்பாற்றாது. மோதும்போது தாங்குவது உள்ளே மறைந்திருக்கும் நீளவாட்டுச் சட்டங்கள், தூண்கள், தரை. அவை எந்தக் காலத்துக் கணக்கில் செய்யப்பட்டவை என்பதைத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் பழைய உடம்பு என்றாலே பலவீனம் என்றும் சொல்ல முடியாது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ ஆகிய ஐந்தின் ஏர்பேக் இல்லாத வகைகளை மோதிச் சோதித்தது. பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்யம். ஆனால் ஃபிகோ, போலோ இரண்டின் உடற்கூடும் குலையாமல் நின்றது. அவற்றுக்கு ஏர்பேக் போட்டால் பயன் இருக்கும். கூடு நொறுங்குகிற வண்டியில் ஏர்பேக் போட்டும் அவ்வளவாகப் பயனில்லை. பிறகு நம் நாட்டில் முன்மோதல் சோதனை 2017 அக்டோபர் முதல் புது மாடல்களுக்கும், 2019 அக்டோபர் முதல் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது. ஓட்டுநரின் முழங்கால் முன்னே வெறும் தகடு மட்டும் இருந்த ஆம்னி அந்த ஆண்டோடு நின்றது. எத்தனை முறை முகம் மாற்றினாலும் அந்த உடம்பைத் தேற வைத்திருக்க முடியாது.

தலைகீழாகவும் நடக்குமா? வெளியே பழசு, உள்ளே புதுசு?

நடந்திருக்கிறது. 2012இல் வந்த டாடா சஃபாரி ஸ்டார்ம் பார்வைக்குப் பழைய சஃபாரிதான். அடியில் இருந்ததோ ஆரியாவிலிருந்து எடுத்த புதிய சட்டகம். பணத்தைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போட்டார்கள். பலர் "எதுவுமே மாறவில்லையே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது.

பழைய வண்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். 2016 முகம், ஆனால் விலை குறைவு. முகத்தை மட்டும் யாராவது மாற்றியிருப்பார்களா?

இருக்கலாம். முக மாற்றம் கண்ட மாடல்களில் புது பம்பர், கிரில், விளக்கு பழைய வண்டிக்கும் பல நேரம் பொருந்தும்; தொழிற்சாலையே அப்படித்தானே செய்தது. ஆர்சி புத்தகத்தில் உள்ள தயாரிப்பு மாதத்தையும், சேஸிஸ் எண்ணையும் முதலில் ஒப்பிடுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் பொறித்திருக்கும் குறியைப் பாருங்கள். தயாரிப்பு ஆண்டு அதில் இருக்கும். சீட் பெல்ட்டின் அடியில் தைத்த சீட்டிலும் தேதி உண்டு. இவை எல்லாம் 2013 என்று சொல்லி முகம் மட்டும் 2016 என்றால் விடை கிடைத்துவிட்டது.

ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையில் பெயிண்ட் உரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்பானர் பட்ட இடம் பொய் சொல்லாது. பதிவில் உள்ள அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது; நிறம் மாறியிருந்தால் ஆர்சியில் ஏறியிருக்க வேண்டும்.

அண்ணாச்சி, உங்கள் பத்மினிக்கு டிலைட்டின் குரோம் கிரில் போட்டால் எவ்வளவு அழகாக இருக்கும்! ஏன் போடவில்லை?

கதவு மாட்டிய அன்றே அந்தக் கடைக்காரர் கிரில்லையும் எடுத்து நீட்டினார். பொருந்தும் என்று எனக்குத் தெரியும். ஆனால் 1986இல் குர்லாவில் யாரோ ஒருவர் இந்த வண்டிக்கென்று இந்தக் கிரில்லைப் பொருத்தி அனுப்பியிருக்கிறார். ஓரத்தில் ஒரு திருகு சற்றுச் சாய்ந்து ஏறியிருக்கிறது; ஷிப்டு முடியும் நேரமாக இருந்திருக்கும். அந்தத் திருகை நான் இதுவரை கழற்றவில்லை.